இரைச்சலைக் கழுவியவர்கள்

ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டிய பிறகுதான் வீரம்மா, தம்பி எழுதியிருந்த தாளை எடுத்துப் படித்தாள். கொழும்பில் வெளிவரப்போகும் இசைத்தட்டோடு சேர்த்து அச்சிடுவதற்காக நிரஞ்சன் எழுதிய கட்டுரை அது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தவன். ஊசிமலைத் தோட்டத்திலிருந்து அந்த வாசலை மிதித்த முதல் ஆள். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வாக்கியத்தில் அவள் கண் நின்றுவிட்டது. 'பழுதான கருவிகளோடும் வறுமையோடும் போராடிய இந்தத் தோட்டத் தொழிலாளர்கள், தம்மை அறியாமலேயே ஒரு புதிய இசையைக் கண்டெடுத்தார்கள்.'

"யாருடா தம்பி அறியாம செஞ்சது?" என்று கேட்டாள்.

நிரஞ்சன் ஜன்னலிலிருந்து திரும்பினான். அது பாராட்டுத்தான் என்றான். வெளிநாட்டில் இருப்பவர்கள் படிக்கப்போகிறார்கள், அவர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் மனதில் தைக்கும் என்றான்.

"வழுக்கி விழுந்தவன் கையில காசு அகப்பட்ட மாதிரி எழுதியிருக்க."

அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். 

அறியாமல் செய்யவில்லை. அதற்கு அவளே சாட்சி.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு அவள் தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை செய்தாள். பறித்து வந்த கொழுந்தை நீளமான தட்டுகளில் பரப்ப வேண்டும். பெரிய காற்றாடிகள் இராப்பகலாகச் சுழன்று அதன் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஓசையில் புதிதாக வருகிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். பழகிய பெண்கள் கத்துவதில்லை. குரலைத் தாழ்த்தி, காற்றாடியின் ஓசைக்குக் கீழே நுழைத்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். நாலு அடி தள்ளி நிற்கும் கங்காணிக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரியும். அவனைப் பற்றி அவன் முன்னாலேயே என்னவெல்லாம் பேசினார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால், மலையை விட்டே ஓடியிருப்பான்.

அந்த வருடம்தான் பழனியாண்டி நுவரெலியாவிலிருந்து திரும்பி வந்தான். வீரம்மாவுக்கு முறைக்குப் பெரியம்மா மகன். அங்கே ஒரு விடுதியில் அறை துப்புரவு செய்துகொண்டிருந்தவன். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் விட்டுப்போன மின்கிட்டாரும் ஒரு கசெட்டும் அவனோடு வந்தன. நோர்வூட்டில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் வேலை செய்த அழகன்தான் அந்தக் கசெட்டை முதலில் போட்டுக் காட்டினான். தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோலக் கிட்டார்கள். அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு பெண் பாடினாள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

டேப் சிக்கிவிட்டதா என்று அழகன் மூடியைத் திறந்து பார்த்தான். இது இப்படித்தான் என்று பழனி சொன்னான்.  அந்தப் பெண் யாரோ, எந்த ஊரோ. ஆனால் அவள் காற்றாடிக்குக் கீழே பேசுகிறாள் என்பது வீரம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

அங்கிருந்துதான் மூவரும் தொடங்கினார்கள். குழுவுக்கு 'ஏழாம் நம்பர் மலை' என்று பெயர் வைத்தவன் பழனி. ஊசிமலையில் ஏழாம் நம்பர் மலைதான் செங்குத்தானது, அட்டைக்கடி அதிகம். துரையை எதிர்த்துப் பேசியவர்களை மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு அங்கேதான் அனுப்புவார்கள். அழகன் தப்பு அடித்தான். தப்பை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றாமல், பனியில் வைத்துத் தொய்யவிட்டு அடித்தான். மண்ணுக்குள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல இருந்தது அது. பழனி, கிட்டாரின் ஆறு கம்பிகளையும் காற்றாடியின் ஓசைக்குச் சுருதி சேர்த்தான். இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளை எதிரெதிரே கட்டி நடுவில் நின்றால், கிட்டார் தானாக ஊளையிடும். அவன் ஒரு எட்டு முன்னால் வைப்பான், அரை எட்டுப் பின்னால் வைப்பான், தோளைச் சாய்ப்பான். ஊளை காற்றாடியின் ஓசையோடு வந்து ஒட்டும் இடத்தைத் தேடித் தேடிப் பிடிப்பான். பிடித்த இடத்தில் கரிக்கட்டையால் கோடு போடுவான். இதைத்தான் அறியாமல் செய்தார்கள் என்று அவள் தம்பி எழுதியிருந்தான்.

வீரம்மா பாட்டைக் கட்டினாள். எடை குறைந்தால் ஒரு முழு நாள் வேலைக்கு அரை நாள் மட்டும் போடுவதை 'அரைப்பேர்' என்பார்கள். அதைத்தான் பாடினாள்:

'எட கொறஞ்சா அரப்பேரு,
எலும்பு கொறஞ்சா யாரு பேரு?'

கங்காணியின் பெயரும், கொழுந்து நிறுக்கும்போது தராசில் விரல் வைக்கும் கணக்கப்பிள்ளையின் பெயரும் பாட்டிலேயே இருந்தன. இரைச்சலுக்கு அடியில் பாடியதால் துணிந்து பாடினாள். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

திருவிழாவில் ஒரே ஒருமுறை மேடையேறினார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் கோயில் தலைவர் கரண்டை நிறுத்திவிட்டு, பேய் ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். மறுநாள் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. தோட்டமே நனைந்து ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். மாடியில் முந்தின நாள் கொழுந்துக்காகக் காற்றாடிகள் சுழன்றுகொண்டிருந்தன. திருப்பி அனுப்பவிருந்த ஒலிபெருக்கிகளை மூவரும் மாடிக்குத் தூக்கிப்போனார்கள். நாலு பாட்டு. ஒரே கசெட்டில் பதிந்தார்கள்.

ஹட்டனில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்காரர் அதை ஒரு பிரதி எடுத்தார். குழுவின் பெயரைக் கேட்டு எழுதும் பொறுமை அவருக்கு இல்லை. உறையில் 'ஹட்டன் இரைச்சல்' என்று எழுதினார். அந்தப் பெயரோடுதான் அது இறங்கிப் போனது. கொழும்புக் கடைகளில் மூட்டை தூக்கும் மலைநாட்டுப் பையன்களிடம் போனது. பிரதியின் பிரதியாகக் கொட்டாஞ்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் போனது. கண்டியில் சிங்களப் பையன்கள் சிலர் அதைக் கேட்டு ஒரு குழுவே தொடங்கினார்கள் என்று, பிழைப்புக்குக் கத்தார் போய்விட்ட அழகன் எழுதினான். ஓசையை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். யாருடைய ஓசை என்று ஒருவரும் கேட்கவில்லை.

தொண்ணூற்றேழில், ஐப்பசி மழையில், பழனி குடியிருந்த லய வீட்டு வரிசையின் மேல் மண் சரிந்தது. பின்சுவருக்கு மேலே மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று அவனே இரண்டு தடவை ஆபீசில் போய்ச் சொல்லியிருந்தான். பார்க்கலாம் என்றார்கள். பார்த்தார்கள், தோண்டி எடுத்த பிறகு. தோட்டம் ஒரு சவப்பெட்டியும் அரை மூட்டை அரிசியும் கொடுத்தது. அவன் அம்மா காளியாயி அப்போது மலையில் கொழுந்தோடு நின்றதால் தப்பினாள். கிட்டார் மண்ணோடு போயிற்று. வீரம்மா அதன்பிறகு பாடவில்லை. தொழிற்சாலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு மாறி, மற்றவர்களின் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு, அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்தாள். மைக் பிடித்துப் பாடிய பொண்ணு என்று வந்த வரன்கள் திரும்பிப் போயின. போனால் போகட்டும் என்றாள். அந்தக் கோபமும் அவளிடம் இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில், பட்டம் வாங்கி வேலை கிடைக்காமல் கொழும்பில் அலைந்துகொண்டிருந்த நிரஞ்சன், சாருஜன் என்பவனைக் கண்டுபிடித்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய இசைக்குழுவைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. ஒரு பேட்டியில் அவன், தனக்குக் கிட்டார் கற்றுத் தந்தது பெயர் தெரியாத ஒரு மலைநாட்டுக் கசெட்தான் என்று சொல்லியிருந்தான். நிரஞ்சன் நேரே போய், அது என் அக்கா என்றான்.

சாருஜன் மறுவாரமே ஊசிமலைக்கு வந்தான். நல்ல பிள்ளை, அதை வீரம்மா மறுக்கமாட்டாள். மாடிக்குப் போய்க் காற்றாடிகளைக் கேட்டான். மண் சரிந்த இடத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றான். இந்த வகை இசைக்கு வெளிநாட்டில் ஷூகேஸ் என்று பெயர், வாசிக்கிறவர்கள் குனிந்து தங்கள் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதால் அப்படிச் சொல்வார்கள் என்றான்.

"எங்க பழனி கால்ல சப்பாத்து எங்க இருந்துச்சு? அவன் குனிஞ்சு பாத்தது அட்டையத்தான்" என்றாள் வீரம்மா. அப்போது எல்லாருமே சிரித்தார்கள்.

கனடாவில் ஒரு அமைப்பு செலவை ஏற்கிறது, மூலக் கசெட் கிடைத்தால் இசைத்தட்டாக வெளியிடலாம், வானொலியிலும் போடுவார்கள் என்று சாருஜன் சொன்னபோது, வாசலில் உட்கார்ந்திருந்த காளியாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரேடியோவுல எம்மகன் பேரச் சொல்லுவாங்களா தம்பி?"

சொல்லுவார்கள் என்று சாருஜன் வாக்குக் கொடுத்தான். வீரம்மா பெட்டியைத் திறந்து கசெட்டை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது வேலை முடிந்துவிட்டது, வந்து கேட்டுச் சம்மதம் சொல்லுங்கள் என்று அழைப்பு வந்திருந்தது. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். சாருஜன் அவளைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கணினியில் 'அரைப்பேர்' பாட்டைப் போட்டான்.

முதலில் ஒரு புல்லாங்குழல் வந்தது. பிறகு ஒரு பெண் பாடினாள். ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்த பாத்திரம்போலத் தெளிவாக இருந்தது. எட கொறஞ்சா அரப்பேரு. தன் குரல் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின்னால் மிகத் தூரத்தில் ஏதோ மெல்லிய சீறல். அதுதான் பழனி.

பாட்டு முடிந்ததும் நிரஞ்சன் கண்ணைத் துடைத்தான்.

"இந்தப் பீப்பீ யாரு?" என்றாள் வீரம்மா.

தெரிந்த ஒரு ஆள்தான் வாசித்தது என்றான் சாருஜன். தொடக்கம் வெறுமையாக இருந்ததால் சேர்த்தோம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

"பழனி எங்க?"

அவன் விளக்கினான். கசெட்டில் காற்றாடி இரைச்சல் அதிகம். கணினிக்கு அந்த இரைச்சலைக் காட்டிக் கழுவச் சொன்னோம். கிட்டாரும் அதே சுருதியில் இருந்ததால் அதுவும் பெரும்பாலும் கூடவே போய்விட்டது. அதில் தனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அதனால்தான் குரல் வெளியே வந்தது.

"உங்கட குரலை இவ்வளவு நாளும் ஒருத்தரும் வடிவாக் கேக்கேல்லை அக்கா. இப்பதான் சனத்துக்கு விளங்கும்" என்றான். நிஜமாகவே நம்பிச் சொன்னான்.

"என்ன விளங்கும்?"

"உங்கட சோகம்."

அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி தானாகச் சுழன்றது.

"நான் எங்க தம்பி சோகமாப் பாடினேன்? கோவமாப் பாடினேன். அந்தக் கோவம் பூரா அவன் கிட்டார்ல இருந்துச்சு. நீங்க அதக் கழுவி எடுத்துட்டு, அழுற பொம்பளய மட்டும் வச்சிருக்கீங்க. இது ஒப்பாரி. எங்க தோட்டத்துல எழவு வீட்டுக்கு எழவு வீடு ஒப்பாரிதான், அதக் கேக்க நான் இங்க வரணுமா?"

சாருஜனின் முகம் சுண்டிப்போனது. அவன் மோசக்காரன் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. மோசக்காரனாக இருந்திருந்தால் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பாள். இவனோ அந்த இரைச்சலிலிருந்தே பிழைப்பைக் கற்றவன். அதை வைத்துத் தானே மேடையில் நின்று இரைகிறான், கைதட்டல் வாங்குகிறான். அவன் இரைந்தால் கலை. மலையிலிருந்து வந்தால் மட்டும் அழுக்கு, கழுவ வேண்டும். இதை அவள் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. பழைய கசெட்டை அப்படியே வெளியிடுங்கள் என்று கேட்டாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். கனடாக்காரர்களுக்கு முதலில் மூலத்தைத்தான் அனுப்பினானாம். பழுதான பதிவை விற்க முடியாது, தொழிலாளப் பெண்ணின் துயரம் கேட்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்களாம்.

"உங்கட சம்மதம் இல்லாமல் நான் வெளியில விடமாட்டன்" என்றான். "ஆனா வேண்டாம் எண்டு சொன்னால், ஒண்டும் வராது அக்கா. ஒருத்தருக்கும் கேக்காமலே போயிடும்."

நிரஞ்சன் அவள் கையைப் பிடித்தான். ஒரு தடவை மட்டும் விட்டுக்கொடு அக்கா என்றான். முதலில் உலகத்துக்குத் தெரியட்டும், பிறகு சரியானதைக் கொடுக்கலாம். உன்னையும் பழனி அண்ணனையும் நாலு பேர் மதிக்கட்டும் என்றுதானே ஓடியாடினேன். காளியாயி பெரியம்மாவுக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய்?

கடைசிக் கேள்வி அவளைக் குத்தியது. வாசலில் உட்கார்ந்திருந்த அந்த முகம் கண்ணில் வந்து நின்றது. ரேடியோவில் அவன் பெயரைச் சொல்வார்கள். சொன்ன கையோடு, அவன் இல்லாத பாட்டைப் போடுவார்கள்.

"வேணாம். கசெட்டக் குடுங்க" என்றாள்.

திரும்பும்போது பஸ்.  கினிகத்தேனையில் பஸ் தேநீருக்கு நின்றபோது நிரஞ்சன்தான் வாயைத் திறந்தான்.

"ஒனக்கு ஒன் கோவந்தான் பெருசு. அவரு பேரு வெளிய வர்றது பெருசு இல்ல."

அவள் அவனை அடிக்கக்கூடக் கை ஓங்கியிருப்பாள். சுற்றிலும் ஆட்கள். வடை வாங்கியவன் கடைக்காரனிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டுவிட்டு நகர்ந்தான். பைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்துத் தம்பியின் மடியில் போட்டாள். எந்தச் சட்டியில் சோறு தின்று இந்தத் தமிழைப் படித்தாய் என்று கேட்டாள். உனக்காக நான் தொட்டில் ஆட்டியதும் அறியாமல்தானா? நம் ஆட்கள் எதையாவது யோசித்துச் செய்தார்கள் என்று எழுத உனக்கு ஏன் கை வரவில்லை? பரிதாபப்பட்டு எழுதினால்தான் அங்கே உள்ளே விடுகிறார்களா?

அவன் தாளை எடுத்து மடித்து, மறுபடி விரித்தான்.

"ஆமா" என்றான் கடைசியில். "அப்படித்தான் விடுறாங்க. எனக்கு வேற எப்படி உள்ள போறதுன்னு தெரியல அக்கா."

 கோபம் தம்பியைவிட்டு வேறெங்கோ போக இடம் தேடியது. ஹட்டன் வரும்வரை அவள் தன்னையே குடைந்துகொண்டு வந்தாள். தான் செய்தது சரிதானா? மண் ஒருமுறை மூடியவனை, தானும் பிடிவாதத்தால் இன்னொருமுறை மூடிவிட்டு வருகிறோமா? மெல்லிய சீறலாகவாவது அவன் உலகத்துக்குக் கேட்டிருப்பானே. அப்படி நினைத்தபோதெல்லாம் அந்தப் புல்லாங்குழல் நினைவில் வந்தது, பல்லைக் கடித்தாள்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே கசெட்டையும் பிள்ளைக் காம்பராவின் ரேடியோப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு காளியாயியின் லயத்துக்குப் போனாள். சரிவுக்குப் பிறகு கொடுத்த தற்காலிக லயம் அது. எட்டு வருடமாகத் தற்காலிகம். காளியாயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

வீரம்மா சுற்றிவளைக்காமல் சொன்னாள். பாட்டை மாற்றிவிட்டார்கள், நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன், ரேடியோவில் வராது.

காளியாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேணான்னு சொல்ல நீ யாருடி?" என்றாள். "பெத்தவ நான் இங்க இருக்கேன். என்னய ஒரு வார்த்த கேட்டியா? அவன் பேர ஒருக்கா, ஒரே ஒருக்கா காதால கேட்டுட்டுச் சாவமேன்னு இருந்தேன். அதையும் நீயே வெட்டிவிட்டுட்டு வந்து நிக்கிற."

வீரம்மா நின்று கேட்டாள். சொல்வதில் நியாயம் இருந்தது. கேட்டிருக்க வேண்டும். பஞ்சு ஒட்டிய அந்த அறையில், கேட்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. காளியாயி திட்டி ஓய்ந்ததும், இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள், போடலாம் என்றால் நாளைக்கே கசெட்டைத் திருப்பி அனுப்புகிறேன் என்றாள். சாவுக்குப் பிறகு அந்தக் கசெட்டைக் காளியாயியிடம் கொண்டுவர அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை. யாருக்கும் வந்ததில்லை.

உள்ளே போய்ப் பெட்டியின் வயரைச் செருகி, பாட்டைப் போட்டாள். காற்றாடி ஓசை கிளம்பியது. அதற்குள்ளிருந்து கிட்டார் எழுந்தது, தப்பு அதிர்ந்தது. குரல் எங்கேயோ அடியில் ஓடியது. காளியாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் இறுகியே இருந்தது.

"இதுல எம்மகன் எங்க இருக்கான்?" என்று கேட்டாள். "பாடுறது நீயில்ல?"

"பாடுறது மட்டுந்தான் நான் பெரியம்மா. மத்தது பூராவும் அவன்தான்."

"இந்த எரச்சல் பூராவுமா?"

"பூராவும்."

"அவங்க எதக் கழுவுனாங்க?"

"இதத்தான்."

காளியாயி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு உள்ளே வந்து பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப எதுக்குடி இம்புட்டு மெதுவா வச்சிருக்க?"

வீரம்மா குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தகரம் அதிர்ந்தது. அடுப்படியில் தட்டுகள் நடுங்கின. பக்கத்துக் காம்பராவிலிருந்து யாரோ சுவரில் குத்தி, ஞாயித்துக்கிழமை கூட மனுசன் தூங்கக்கூடாதா என்று கத்தினார்கள்.

"எம்மகன்டா" என்று காளியாயி சுவரைப் பார்த்துச் சொன்னாள். "முடிஞ்சா வந்து நிறுத்து."

யாரும் வரவில்லை. அடுத்த பாட்டு தொடங்கியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.